அம்மாவின் வட்டத்தில் ஓய்வுக்கு எத்தனை பாகை?

எட்டாம் வகுப்பில் வட்ட விளக்கப்படம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு நாள் என்பது 24 மணி நேரம். ஒரு வட்டம் என்பது 360 பாகை. அப்படியானால் ஒரு மணி நேரத்துக்கு 15 பாகை, நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை. இந்தக் கணக்கு மாணவர்களுக்கு எளிதில் பிடித்துவிட்டது. பாடநூலில் இருந்த எடுத்துக்காட்டுகளை முடித்த பிறகு, வீட்டில் செய்துவர ஒரு செயல்பாடு கொடுத்தேன்: "உங்கள் அம்மாவின் ஒரு நாளை வட்டமாக வரைந்து வாருங்கள். அம்மாவிடம் கேட்டு, நேரம் குறித்து, கூட்டினால் சரியாக 24 மணி வர வேண்டும்."

கணக்குப் பாடத்துக்கு ஒரு சுவாரசியமான பயிற்சி என்ற அளவில்தான் நான் நினைத்திருந்தேன். மறுநாள் ஒரு மாணவி குறிப்பேட்டோடு என் மேசைக்கு வந்தாள்.

"டீச்சர், உறக்கத்துக்கு நீலக் கலர், வீட்டு வேலைக்குச் சிவப்பு, அண்டி ஆபீசுக்கு மஞ்சள். ஓய்வுக்குப் பச்சை எடுத்து வச்சேன். ஆனா பச்சைக்கு இடமே வரல."

வாங்கிப் பார்த்தேன். காலை 4 மணிக்கு எழுந்து இரவு 11 மணிக்குப் படுக்கிறார் அவளுடைய அம்மா. உறக்கம் 5 மணி நேரம், 75 பாகை. முந்திரி ஆலைக்குப் போய்வரும் நேரத்தோடு சேர்த்து வேலை 9 மணி நேரம், 135 பாகை. வீட்டு வேலை 8 மணி நேரம், 120 பாகை. குளியலும் சாப்பாடும் 15 பாகை. ரேஷன் கடை, சந்தை, மகளிர் குழு என வெளியே அலைவது 15 பாகை. கூட்டினால் 360. கணக்கு சரியாக இருந்தது. ஓய்வு பூச்சியம் பாகை.

"நீ விட்டுப்போட்டிருப்ப மக்களே, நல்லா கேட்டியா?" என்றேன்.

"கேட்டேன் டீச்சர். எங்க அம்மை உறங்குயதக்கூட நான் பாத்ததில்ல. நான் எழும்பும்போ அம்மை எழும்பியிருக்கும். நான் கெடக்கும்போ பாத்திரம் கழுவிட்டிருக்கும்."

அன்று வந்த 31 குறிப்பேடுகளில் பெரும்பாலானவற்றில் இதே கதைதான். அந்த வகுப்பு கணக்குப் பாடத்தைத் தாண்டி எங்கோ போய்விட்டது. பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டவற்றையும், வகுப்பிலும் வீட்டிலும் செய்துபார்த்தவற்றையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

எங்கள் ஊர் அம்மாக்களின் நாள்

கன்னியாகுமரி மாவட்டம் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழகத்திலேயே முதலிடம் பெற்றது. ஏறத்தாழ 92 விழுக்காடு. பெண் கல்விக்கு இங்கே இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. படித்த அம்மாக்கள்தான் எங்கள் பிள்ளைகளுக்கு வாய்த்திருக்கிறார்கள். ஆனால் படிப்பு அவர்களுடைய நாளில் ஓய்வைக் கொண்டுவந்து சேர்க்கவில்லை.

கல்குளம், விளவங்கோடு பக்கம் முந்திரி ஆலைகளில் வேலை செய்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். நாள் முழுக்க ஒரே இருப்பில் உட்கார்ந்து கொட்டை உடைக்கிறார்கள், தோல் உரிக்கிறார்கள். முந்திரி ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டால் கைத்தோல் வெந்து உரியும். மலையோரப் பகுதியில் ரப்பர் பால் வெட்டு விடியும் முன்பே தொடங்கிவிடும். வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும் என்பதால் அந்த வேலையைத் தள்ளிப்போட முடியாது. கடற்கரை ஊர்களில், ஆழ்கடல் மீன்பிடிக்குப் போன கணவர்மார் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை வீட்டுக்கு உள்ளும் புறமும் அந்த அம்மா ஒருவர்தான். கணவர் வளைகுடா நாடுகளில் இருக்கும் வீடுகளிலும் இதே நிலைதான்.

இவர்கள் எல்லோரும் வேலைக்குக் கிளம்பும் முன்பும் திரும்பிய பின்பும் இன்னொரு வேலை காத்திருக்கிறது. முற்றம் தூத்து, வெள்ளம் கோரி, தேங்காய் துருவி, மீன் கழுவி, கறி வைத்து, துணி துவைத்து, பிள்ளையைப் படிக்க வைத்து... இந்த வேலைக்கு ஊதியமும் இல்லை, விடுமுறையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் கூடுதலாக ஒரு கறி.

நாட்டின் வட்டம்

என் வகுப்பு வட்டங்கள் மிகைப்படுத்தப்பட்டவையா என்று எனக்கே ஒரு ஐயம் இருந்தது. அப்போதுதான் இந்திய அரசின் நேரப் பயன்பாட்டு ஆய்வைப் பற்றிப் படித்தேன். நாட்டு மக்கள் 24 மணி நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்பதை வீடு வீடாகச் சென்று, அரை மணி நேரம் அரை மணி நேரமாகக் குறித்துத் தொகுக்கும் ஆய்வு அது. தேசிய அளவில் 2019இல் ஒருமுறையும் 2024இல் ஒருமுறையும் நடந்திருக்கிறது.

2024 ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். அவ்வேலையில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். 2019இல் இது பெண்களுக்கு 299 நிமிடமாகவும் ஆண்களுக்கு 97 நிமிடமாகவும் இருந்தது. ஐந்து ஆண்டுகளில் பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது. ஆண்களுக்கும் ஏறத்தாழ அதே அளவு குறைந்திருக்கிறது! இடைவெளி அப்படியே இருக்கிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 88 நிமிடம் என்பது வீட்டு வேலை செய்யும் ஆண்களின் சராசரி மட்டுமே. வீட்டு வேலையே செய்யாத ஆண்கள் இந்தச் சராசரிக்குள் வரமாட்டார்கள்.

இதை மாணவர்களிடம் பாகையாக மாற்றச் சொன்னேன். 289ஐ 4ஆல் வகுத்தால் 72.25 பாகை. 88ஐ 4ஆல் வகுத்தால் 22 பாகை. இரண்டு வட்டங்களையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தோம். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பின் வரிசையிலிருந்து ஒரு மாணவன், "எங்க அப்பாவுக்கும் வட்டம் போட்டுட்டு வரட்டுமா டீச்சர்?" என்று கேட்டான். போட்டுவரச் சொன்னேன்.

தொழிலாளர்களுக்காக உலகம் முழுவதும் எழுந்த கோரிக்கை என்ன? எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் உறக்கம், எட்டு மணி நேரம் தனக்கான நேரம். அதாவது வட்டத்தை 120 பாகை வீதம் மூன்று சம பங்காகப் பிரிப்பது. 1923 மே 1 அன்று சென்னையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடினார். நூறு ஆண்டு கடந்துவிட்டது. அந்த மூன்றாவது 120 பாகை இன்னும் அடுக்களைக்குள் வந்து சேரவில்லை.

என் வட்டம்

அன்றைய வகுப்பின் முடிவில் ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், நீங்களும் அம்மைதான? உங்க வட்டம் எங்க?"

இரவு வீட்டில் உட்கார்ந்து வரைந்தேன். உறக்கம் ஐந்தரை மணி நேரம், 82.5 பாகை. பள்ளியும் பேருந்துப் பயணமும் ஒன்பதரை மணி நேரம், 142.5 பாகை. வீட்டு வேலை 90 பாகை. என் பிள்ளைகளின் படிப்பும் நான் வீட்டுக்குக் கொண்டுவரும் பதிவேட்டு வேலையும் 30 பாகை. குளியல், சாப்பாடு 15 பாகை. பச்சை நிறத்துக்கு இடமில்லை.

இதை வரைந்தபோது எனக்கு ஒரு பழைய சம்பவம் நினைவுக்கு வந்தது. அதற்கு முந்தைய மாதம், கடைசி வரிசையில் தலையைச் சாய்த்து உறங்கிய ஒரு மாணவனை வகுப்பு முன்னால் நிற்க வைத்து மிகக் கடுமையாகத் திட்டியிருந்தேன். அவன் ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அவனுடைய அம்மா காய்ச்சலாய்க் கிடந்திருக்கிறார். அப்பா வெளிநாட்டில். விடியும் முன்பே எழுந்து கஞ்சி வைத்து, தங்கையைக் குளிப்பாட்டிப் பள்ளிக்குக் கிளப்பிவிட்டு வந்திருக்கிறான் அந்தப் பையன். ஒரு அம்மா படுத்துவிட்டால் அந்தச் சுமை எங்கே போய் இறங்குகிறது என்பதை அவன் எனக்குக் காட்டினான்.

அவனைத் திட்டியது அறியாமையால் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். உண்மையில் அன்று நானும் உறக்கமில்லாமல்தான் வகுப்புக்குப் போயிருந்தேன். பல மாதங்களாகவே படி ஏறினால் மூச்சு வாங்கியது. தலைசுற்றல், காரணமில்லாத எரிச்சல். வீட்டில் என் மகள், "அம்மா எப்பவும் கோபமாத்தான் இருக்கும்" என்று பக்கத்து வீட்டில் சொன்னது காதில் விழுந்தது. வயது ஆகிறது, வேலை கூடுதல் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்தபோது ஹீமோகுளோபின் 8.6 கிராம். கருவுறாத பெண்களுக்கு 12 கிராமுக்குக் குறைந்தாலே இரத்தசோகை. வாரந்தோறும் மாணவிகளை வரிசையில் நிற்க வைத்து இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, விழுங்குகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பவள் நான். என் உடம்பைப் பார்க்க எனக்கு நேரம் இருந்ததில்லை.

நான் தனி ஆளில்லை என்பதும் பிறகு தெரிந்தது. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21) நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. தமிழ்நாட்டில் இது 53 விழுக்காட்டுக்கு மேல். நம் ஆசிரியர் அறையில் பத்து ஆசிரியைகள் இருந்தால் அவர்களில் ஐந்து பேர் களைப்போடு வகுப்புக்குப் போகக்கூடும்.

உறக்கமும் உடலும்

வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஏழு மணி நேரமாவது உறக்கம் தேவை என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். நம் வட்டத்தில் அது 105 பாகை. உறக்கம் தொடர்ந்து குறையும்போது கவனமும் நினைவாற்றலும் குறைகின்றன. சிறு விஷயத்துக்கும் கோபம் வருகிறது. இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் ஆகியவற்றின் வாய்ப்பும் கூடுகிறது. உட்காருவதே ஓய்வு என்றும் சொல்ல முடியாது. தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து உள்ளி உரித்துக்கொண்டிருப்பவர் வேலைதான் செய்கிறார். நாளைக் காலை என்ன கறி, பிள்ளைக்குக் கட்டணம் கட்டியாயிற்றா, மாமியாருக்கு மாத்திரை இருக்கிறதா என்று மனம் ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் வேலைதான். யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத, எதையும் முடித்தாக வேண்டாத நேரமே ஓய்வு.

இந்த உண்மை நம் முன்னோருக்குத் தெரியாததல்ல. என் முதல் பேறுகாலத்தில் பாட்டி என்னை அடுக்களைப் பக்கம் விடவில்லை. எண்ணெய் தேய்த்து, மூலிகை இலைகள் போட்டுக் கொதிக்க வைத்த வெந்நீரில் குளிப்பாட்டி, கருப்பட்டி சேர்த்துக் கிளறிய மருந்து தந்து, "கெடந்து உறங்கு, பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்" என்பார். ஒரு தாயின் உடல் தேற ஓய்வும் உணவும் பிறர் துணையும் வேண்டும் என்பது அந்த வழக்கத்துக்குள் இருக்கும் அறிவு. ஆனால் அந்தச் சலுகை பிள்ளைப்பேற்றோடு முடிந்துவிடுகிறது. தாய்வீட்டிலிருந்து திரும்பிய நாளில் தொடங்கும் ஓட்டத்துக்குப் பிறகு யாரும் "கெடந்து உறங்கு" என்று சொல்வதில்லை.

அரசும் இந்த உண்மையைப் படிப்படியாக ஏற்று வந்திருக்கிறது. ஏழைத் தாய்மார்கள் பேறுகாலத்தில் ஓய்வும் ஊட்டமும் பெற, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987இல் தொடங்கப்பட்டது. தமிழக அரசுப் பணியாளர்களின் மகப்பேறு விடுப்பு 2011இல் ஆறு மாதமாகவும், 2016இல் ஒன்பது மாதமாகவும், 2021 ஜூலை முதல் பன்னிரண்டு மாதமாகவும் உயர்ந்தது. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை, பெண்களின் ஊதியமற்ற உழைப்புக்கும் மதிப்பு உண்டு என்பதை ஏற்றுக்கொண்டது. அரசு பணம் தரலாம், விடுப்பும் தரலாம். இரவுப் பாத்திரத்தை யார் கழுவுவது என்பதை வீடுதான் முடிவு செய்ய வேண்டும்.

ஒரு நாள் நின்றால்

இந்த இடத்தில் மாணவர்களுக்கு ஐஸ்லாந்து நாட்டின் கதையைச் சொன்னேன். 1975ஐ ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டு மகளிர் ஆண்டாக அறிவித்திருந்தது. அவ்வாண்டு அக்டோபர் 24 அன்று அந்தச் சிறு தீவு நாட்டுப் பெண்கள் அலுவலக வேலை, வீட்டு வேலை இரண்டையும் நிறுத்தினார்கள். அந்நாட்டுப் பெண்களில் சுமார் 90 விழுக்காட்டினர் கலந்துகொண்டனர். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'பெண்களின் ஓய்வு நாள்'. ஆசிரியைகள் வராததால் பள்ளிகள் மூடப்பட்டன. மீன் பதனிடும் ஆலைகள் நின்றன. அப்பாக்கள் பிள்ளைகளை அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். எளிதில் சமைக்கக்கூடிய சாசேஜ் கடைகளில் தீர்ந்துபோயிற்று. மறு ஆண்டே அங்கே ஆண் பெண் சம உரிமைச் சட்டம் வந்தது. 1980இல் விக்டிஸ் ஃபின்போகதோத்திர் என்ற பெண், தேர்தலில் வென்று நாட்டின் குடியரசுத் தலைவரானார்.

"நம்ம ஊர்ல அம்மைமார் ஒரு நாள் நின்னா என்ன ஆகும்?" என்று கேட்டேன். "பட்டினிதான் டீச்சர்" என்று ஒருவன் சொல்ல, வகுப்பே சிரித்தது. "நீ சமைக்கப் படிச்சா பட்டினி கிடக்க வேண்டாம்லா?" என்று ஒரு மாணவி கேட்டதும் சிரிப்பு இன்னும் கூடியது. அன்றைய பாடத்தை அவளே முடித்துவைத்தாள்.

பள்ளி என்ன செய்ய முடியும்?

அம்மாக்களின் ஓய்வு வீட்டு விவகாரம், நமக்கென்ன என்று விட்டுவிட முடியாது. பள்ளி நினைத்தால் அம்மாவின் சுமையைக் கூட்டவும் முடியும், குறைக்கவும் முடியும்.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் குழந்தைகளின் பசியைப் போக்க வந்தது. அது விடியற்காலையில் அம்மாக்களுக்கும் சற்று மூச்சுவிட இடம் தந்திருக்கிறது. முந்திரி ஆலைக்கு ஏழு மணிக்குக் கிளம்பும் அம்மாவுக்கு இதன் அருமை நன்றாகத் தெரியும்.

நாம் கொடுக்கும் வீட்டுப்பாடத்தையும் செயல்திட்டங்களையும் சற்று எண்ணிப் பார்ப்போம். தெர்மாகோல் வெட்டி, படம் ஒட்டி இரவு பத்து மணிக்கு அதை முடிப்பவர் பெரும்பாலும் அம்மாதான். அதற்கு நாம் 'மிக நன்று' போடுகிறோம். மாணவர் தானே செய்யக்கூடிய அளவில், இயன்றவரை பள்ளி நேரத்திலேயே முடியும்படி செயல்திட்டம் கொடுக்க இப்போது முயல்கிறேன். இரவு எட்டு மணிக்கு மேல் பெற்றோர் குழுவில் தகவல் அனுப்புவதையும் நிறுத்திவிட்டேன். "நாளை வண்ணத்தாள் கொண்டு வரவும்" என்ற ஒரு வரி, ஓர் அம்மாவைக் கடை தேடி இருட்டில் நடக்க வைத்துவிடும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். கூட்டத்துக்கு அம்மாக்கள் வருவதில்லை என்று குறைப்படும் முன், எந்த நேரத்தில் வைத்தால் அரைநாள் கூலி போகாது என்று அவர்களிடமே கேட்கலாம். கேட்டோம். நேரத்தை மாற்றினோம். வருகை கூடியது.

வகுப்பில் நாம் சொல்லும் எடுத்துக்காட்டு வாக்கியங்களும் முக்கியம். தொடக்க வகுப்பில் 'அம்மா சமைக்கிறார், அப்பா செய்தித்தாள் படிக்கிறார்' என்பதை மாற்றி 'அப்பா சமைக்கிறார், அம்மா செய்தித்தாள் படிக்கிறார்' என்று எழுதிப் பாருங்கள். குழந்தைகள் முதலில் சிரிப்பார்கள். ஏன் சிரித்தார்கள் என்று கேட்டால் நல்ல உரையாடல் ஒன்று பிறக்கும். வகுப்பறையைக் கூட்டும் பொறுப்பையும் தண்ணீர் பிடிக்கும் பொறுப்பையும் ஆண், பெண் இருபாலருக்கும் முறை வைத்துக் கொடுப்போம்.

ஆசிரியைகளுக்கு ஒரு வார்த்தை

வருடத்துக்கு ஒருமுறையாவது ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, இரத்த அழுத்தம் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இரும்புச்சத்து மாத்திரையை மருத்துவர் சொன்ன அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டோடும் மாத்திரையோடும் சாயா குடிக்க வேண்டாம், அது இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். முருங்கைக்கீரையும் நெல்லிக்காயும் நம் வீட்டுப் பக்கத்திலேயே கிடைக்கின்றன. பள்ளியில் தண்ணீர் குடிக்காமலும் சிறுநீரை அடக்கியும் நாளை ஓட்டாதீர்கள், சிறுநீர்த் தொற்றுக்கு அது வழி. மனம் தொடர்ந்து சோர்ந்திருந்தால், உறக்கம் வராவிட்டால், அழுகை வந்துகொண்டே இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

ஆசிரியர்களான ஆண்களுக்கும் ஒரு வேண்டுகோள்: இன்று இரவு உங்கள் வட்டத்தையும் உங்கள் வீட்டுப் பெண்ணின் வட்டத்தையும் ஒரே தாளில் வரைந்து பாருங்கள்.

ஐந்து மாதம் கழித்து அதே வகுப்பில் அதே செயல்பாட்டை மீண்டும் கொடுத்தேன். பெரிய புரட்சி எதுவும் நடந்துவிடவில்லை. பல வட்டங்கள் பழையபடியேதான் இருந்தன. என் வீட்டில் இரவுப் பாத்திரம் கணவர் பொறுப்பு, துணி மடிப்பது பிள்ளைகள் பொறுப்பு என்று ஆகியிருந்தது. உறக்கம் ஆறரை மணி நேரம் ஆகியிருந்தது, ஓய்வுக்கு ஏழரை பாகை வந்திருந்தது. ஹீமோகுளோபின் 11.2. அந்தக் கடைசி வரிசை மாணவனிடம் வகுப்பு முன்னாலேயே மன்னிப்புக் கேட்டிருந்தேன். திட்டியதும் வகுப்பு முன்னால்தானே.

முந்திரி ஆலை அம்மாவின் மகள் குறிப்பேட்டை நீட்டினாள். அண்ணனும் அவளும் முறை வைத்துப் பாத்திரம் கழுவுகிறார்களாம். வட்டத்தில் பச்சை நிறத்தில் ஒரு சிறு கீற்று இருந்தது. பாகைமானி வைத்துப் பார்த்தேன். ஐந்து பாகை. இருபது நிமிடம்.

"அந்த நேரத்துல அம்மை என்ன செய்யும்?"

"ஒண்ணும் செய்யாது டீச்சர். திண்ணையில சும்மா இருக்கும்."